உப்புக் காற்றில் ஒரு செங்கல் குளிர்பெட்டி

கூத்தப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்குப் போன கோடையில் ஒரு செங்கல் குளிர்பெட்டி கட்டிக் கொடுத்தேன். கரண்ட் இல்லை, கம்ப்ரசர் இல்லை. இரண்டு செங்கல் சுவர், நடுவில் மணல், மணலில் தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் செங்கல் வழியாக ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கோடை, மழை இரண்டையும் பார்த்துவிட்டது. கடலூரில் வேறு யாராவது கட்ட நினைத்தால் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். இதைப் பற்றிக் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் வடக்கத்திக் காய்ந்த வெயிலை மனதில் வைத்து எழுதியவை. கடற்கரை ஊரில் கணக்கு வேறு.

வடிவம் என்னுடையது இல்லை. டெல்லி பூசாவில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராய், குர்தியா என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980களில் உருவாக்கியது. 'ஜீரோ எனர்ஜி கூல் சேம்பர்' என்று பேர். அவர்கள் சொன்ன அளவு நீளம் 165 செ.மீ., அகலம் 115 செ.மீ., உயரம் 67.5 செ.மீ. இரண்டு சுவருக்கும் நடுவில் 7.5 செ.மீ. இடைவெளி. கொத்தனார் கணக்கில் ஏறக்குறைய ஐந்தரைக்கு நாலு அடி, உயரம் இரண்டேகால் அடி, இடைவெளி 3 இன்ச். கடைக்குப் பின்னால் இருந்த இடத்துக்குத் தக்கபடி நான் 5 அடிக்கு 4 அடி என்று வைத்துக்கொண்டேன்.

அக்காவின் தலைவலி கீரைதான். கேப்பர் மலைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து விடிவதற்குள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, கூடவே கொத்தமல்லி, புதினா. ஏழு மணிக்குப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். சாக்கை நனைத்து மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அப்படியும் அக்னி நட்சத்திரத்தில் மேற்கில் இருந்து வரும் காய்ந்த மேல்காற்று வீச ஆரம்பித்தால் பதினொரு மணிக்கெல்லாம் தண்டு தொங்கிவிடும். மிஞ்சியதைச் சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளுவார். அதற்கும் மிஞ்சியது தெருமாட்டுக்கு. "கீரையில வர்ற லாபத்த எல்லாம் மாடு தின்னுட்டுப் போவுது தம்பி" என்பார். மாடு தின்றாலாவது பரவாயில்லை, மழை நாளில் அது சாக்கடையில் கிடந்து அழுகும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மட்டும் உலகத்தில் கடைகளிலும் ஓட்டல்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். நுகர்வோருக்குக் கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்ட உணவில் இது 19 சதவீதம். வயலுக்கும் கடைக்கும் நடுவில் இழப்பது தனியாக 13 சதவீதம் என்று உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. அதே ஆண்டில் பசியோடு இருந்தவர்கள் 78 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்பது ஐ.நா. மதிப்பீடு. உலகம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம் இப்படி வீணாகும் உணவின் கணக்கில் வருகிறது. காற்றுப் புகாமல் குவிந்து அழுகினால் வரும் மீத்தேன் ஒரு பங்கு. ஒரு கட்டுக் கீரையை விளைவிக்க ஓடிய மோட்டார், போட்ட யூரியா, ஏற்றி வந்த வண்டியின் டீசல் எல்லாம் இன்னொரு பங்கு. வாடிய கட்டைத் தூக்கி எறியும்போது இவ்வளவையும் சேர்த்துத்தான் எறிகிறோம். கோடி டன் கணக்கெல்லாம் அக்காவின் கூடைக்குள் அடங்காது. ஆனால் அந்த 19 சதவீதத்தில் இப்படிப்பட்ட கூடைகளுக்கும் பங்கு உண்டு.

கட்டுவதற்கு முன்னால் எல்லாரும் செய்ய வேண்டியது ஈரத்துணிச் சோதனை. காசு செலவில்லை. இரண்டு சாதாரண தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் மாட்டி, விசிறியால் நன்றாக வீச வேண்டும். ஈரத் துணி சுற்றியது எங்கே இறங்கி நிற்கிறதோ, அதற்குக் கீழே எந்த மண்பானையும் எந்தச் செங்கல் பெட்டியும் போக முடியாது. இயற்கை போட்ட கோடு அது.

மே மாத நண்பகலில், மேல்காற்று அடிக்கும்போது, உலர்ந்தது 37 டிகிரி, ஈரமானது 27 காட்டியது. பத்து டிகிரி வித்தியாசம் என்றதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்த பிறகு பார்த்தால் உலர்ந்தது 33, ஈரமானது 28. வித்தியாசம் பாதியாகிவிட்டது. நமக்குக் கடல்காற்று இதமாக இருக்கும் அதே நேரத்தில் பெட்டிக்கு வேலை குறைந்துபோகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் செங்கல்லில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? டெல்லிக் கோடையோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

சரி, பிறகு எதற்குக் கட்டினாய் என்று கேட்கலாம். கீரை கெடுவதற்குச் சூடு மட்டும் காரணம் இல்லை. பறித்த பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, இலைத் துளைகள் வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. வேர் வழியாக மறுபடி வருவதற்கு வழி இல்லை. எடையில் ஐந்து சதவீதம் போனாலே வாடல் தெரிந்துவிடும், வாங்க வருபவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். பெட்டியின் முக்கிய வேலை அதுதான். குளிர்ச்சி இரண்டாவது.

இடம் தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயம். முழு நிழல் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். நிழலுக்காகச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் காற்று படாது. அதனால் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி, நீளவாக்கு மேல்காற்றுக்கு முகம் கொடுக்கும்படி வைத்தேன். மேலே தென்னங்கீற்று. மழைத் தண்ணீர் தேங்காத மேடாகவும் இருக்க வேண்டும், நம் ஊரில் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செங்கல் சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல்தான் வேண்டும். சாம்பல் கல், சிமெண்ட் கல் எல்லாம் வேண்டாம். சோதிப்பது எளிது: கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் வழிந்து ஓடாமல் உள்ளே இழுக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கல் நன்றாக இழுக்கும், ஆனால் நாள்பட்டால் கரையும். நடுத்தரமாக வெந்த கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். கொத்தனார்கள் ஒதுக்கும் மூலை உடைந்த கல் இதற்குத் தாராளமாகப் போதும். மொத்தம் 420 கல் பிடித்தது. தரைக்கு ஒரு வரி, அதற்கு மேல் 9 வரி சுவர்.

தரையைத் தட்டிச் சமன் செய்து, பெருச்சாளி தோண்டாமல் இருக்கக் கோழி வலையை விரித்து, அதன் மேல் கல்லைப் பாவினோம். உதவிக்கு வந்த கொத்தனார் அண்ணன் பழக்க தோஷத்தில் சிமெண்ட் கலவை கேட்டார். கூடாது. கலவை போட்டால் கல்லுக்குக் கல் தண்ணீர் பரவுவது தடைப்படும், கல்லின் முகமும் அடைபடும். வெறும் கல்லாக அடுக்கலாம், ஆட்டம் இருந்தால் செம்மண் சேறு போதும். முதலில் வெளிச்சுவரை மூன்று வரி, பிறகு உட்சுவரை மூன்று வரி, நடுவில் மணலைக் கொட்டி நனைத்து இறுக்கி, மறுபடி மூன்று வரி என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இரண்டு சுவரையும் முழுக்க எழுப்பிவிட்டு மணலைக் கொட்டினால் நடுவில் பொந்து விழும். பொந்து இருக்கும் இடத்தில் சுவர் காய்ந்தே கிடக்கும்.

மணல் 8 கன அடி பிடித்தது. ஆற்று மணல் என்றால் உத்தமம். கிடைக்கும் விலையில் வாங்க மனம் வரவில்லை. பக்கத்தில் கட்டடம் முடிந்த வீட்டில் சலித்து மிஞ்சிய மணலை, சேறு போகும்வரை அலசிப் போட்டேன். கடற்கரை மணலை இலவசமாக அள்ளிவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருக்கும் உப்பு செங்கல்லை அரிக்கும், எடுப்பதும் சட்டப்படி தவறு.

உள்ளளவு 38 இன்சுக்கு 26 இன்ச். காய்கறி மார்க்கெட்டில் புழங்கும் பிளாஸ்டிக் பெட்டி கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு உட்காரும். பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு கல் மேல் தூக்கி வைத்தால் கீழே காற்று போகும்.

மூடிக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூங்கில் சட்டத்தில் சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டச் சொல்வார்கள். வைக்கோல் நனைந்தால் சீக்கிரமே பூசணம் பிடித்து நாறும். நம் மாவட்டத்தில் நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் விளைகிறது. தட்டி முடையத் தோதான நல்ல வேராக இல்லாமல், உதிரி வேராகக் குறைந்த விலைக்கு வாங்கி, இரண்டு சாக்குக்கு நடுவில் பரப்பிக் கோணி ஊசியால் தைத்தேன். நனைந்தாலும் லேசில் அழுகவில்லை. ஒரே ஒரு சிக்கல்: புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் வெட்டிவேர் வாசம் ஏறிவிட்டது. "ரசத்துல சர்பத் வாசன வருது" என்று ஒரு அம்மா திரும்பி வந்து சொன்னார். வேரை இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகு அது அடங்கியது.

தண்ணீர் கொடுக்க, பழைய பெயிண்ட் டப்பா ஒன்றை மேலே மாட்டி, சொட்டுநீர்க் குழாயை மணலின் மேல் நான்கு பக்கமும் ஓட்டினேன். முதலில் மணல் முழுதும் ஊறும்வரை நிறைய ஊற்ற வேண்டும். அப்புறம் காலையும் மாலையும் ஊற்றினால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கரண்ட் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. மேல்காற்று வீசும் நாளில் டப்பா சீக்கிரம் காலியாகும், புழுக்கமான நாளில் தண்ணீர் அப்படியே நிற்கும். டப்பாவைப் பார்த்தே பெட்டி வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அடியில் கசியும் தண்ணீர் தேங்கினால் கொசு வரும் என்பதால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக் கன்றுக்குத் திருப்பிவிட்டோம்.

குழாயில் நல்ல தண்ணீர் வரும் நேரம் நிச்சயம் இல்லாததால் அக்கா போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கடலோரப் போர், வாயில் வைத்தால் கரிக்கும். சில வாரங்களில் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. தொட்டால் மாவு போல உதிரும் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அதில் கரைந்திருந்த உப்பு கல்லின் துளையிலேயே தங்குகிறது. துளை அடைபட்டால் ஆவியாவது நின்றுபோகும். சுவர் ஈரமாகத் தெரிந்தும் உள்ளே சூடு குறையாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரை மேலே இருந்து நிறைய ஊற்றி மணலை அலசிவிட்டேன். சொட்டுக் குழாயின் துளைகளும் உப்பால் அடைபட்டிருந்தன, ஊசியால் குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு நல்ல தண்ணீர் மட்டும்தான். ஒரு டிரம் பிடித்துத் தனியாக மூடி வைத்திருக்கிறார். கடற்கரையில் கட்டுபவர்கள் செங்கல்லைவிடத் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளே சூடும் ஈரப்பதமும் காட்டும் ஒரு ஈரமானியை வைத்துப் பார்த்ததில், வெளியே 37 டிகிரி இருந்த நண்பகலில் உள்ளே 30. ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டியது. கடல்காற்று வந்த பிறகு வெளியே 33, உள்ளே ஏறக்குறைய அதே 30. ஏழு டிகிரி, மூன்று டிகிரி என்றெல்லாம் கேட்டால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. அக்காவும் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஜில்லுனே இல்ல?" என்றார். மறுநாள் காலையில் அரைக்கீரைக் கட்டை வெளியே எடுத்து உதறியபோது அதே அக்கா பேசவில்லை. தண்டை ஒடித்துப் பார்த்தார். டக்கென்று ஒடிந்தது.

கீரை முதல் நாள் காலையில் வைத்தால் மறுநாள் மாலை வரை விற்கும் பதத்தில் இருக்கிறது. வேரோடு வரும் கொத்தமல்லி இன்னும் ஒரு நாள் கூடத் தாங்குகிறது. முருங்கைக்காய் கயிறு போலச் சுருங்குவது நின்றது. மிகவும் பிடித்துப்போனது கத்திரிக்காய்தான். பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் பேர் வாங்கிய மாவட்டம் இது, நல்ல கத்திரிக்காய்க்குப் பஞ்சம் இல்லை. ஆனால் காம்பு வதங்கி மினுமினுப்புப் போனால் எவ்வளவு நல்ல காயும் விற்காமல் நிற்கும். பெட்டிக்குள் அந்த மினுமினுப்பு நாலைந்து நாள் இருக்கிறது. கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினால் இதைவிட நன்றாக இருக்குமே என்று நினைக்கலாம். கத்திரி, வெண்டை, வெள்ளரி மூன்றுக்கும் பத்து டிகிரிக்குக் கீழே போனால் ஆகாது. தோலில் குழி விழும், கத்திரி விதை கறுக்கும். அவற்றுக்கு 5 டிகிரி ஃபிரிட்ஜைவிட இந்த 30 டிகிரி ஈரப்பெட்டி மேல் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டுக்கும் நடுவில் 10, 12 டிகிரிதான் சரியான இடம். ஆனால் கரண்ட் பில் கட்டி வாங்குகிற சேதத்தைவிட இது மலிவு.

எதை வைக்கக் கூடாது என்பதிலும் கொஞ்சம் அடிபட்டுத்தான் தெளிவு வந்தது. வெங்காயம், பூண்டு, உருளை, சேனை எல்லாம் உலர்ந்த இடத்துப் பொருள். ஈரத்தில் வெங்காயம் வேர் விடும், பூண்டு பூசணம் பிடிக்கும். வெண்டைக்காய் வைக்கலாம், ஆனால் மேலே தண்ணீர்த் துளி நின்றால் அந்த இடம் கறுத்துப்போகும். அதனால் மேல் பெட்டியில் ஒரு காய்ந்த துணி போட்டு மூட வேண்டும். தக்காளியில் கீறல் விட்டது ஒன்று இருந்தாலும் பொறுக்கி வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பழுத்த தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் எதையும் கீரையோடு சேர்த்து வைக்கக் கூடாது. பழங்கள் விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். வெயிலில் இருந்து வந்த காயை அப்படியே உள்ளே அடைப்பதும் வீண். நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு வைத்தால்தான் பெட்டிக்குப் பாரம் குறையும்.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஈரத்துணிச் சோதனை செய்தால் உலர்ந்தது 27, ஈரமானது 26. பெட்டிக்கு வேலையே இல்லை. தண்ணீரை நிறுத்தி, மூடியை எடுத்துக் காயவைத்து, உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அடிக்காமல் விட்டிருந்தால் சுவர் முழுக்கக் கரும்பூசணம் பிடித்திருக்கும். சுண்ணாம்பும் துளையை அடைக்கும் என்பதால் உட்புறம் மட்டும், அதுவும் நீர்க்கக் கரைத்து. மழைக்காலம் முடிகிறவரை அது வெறும் சாமான் போடும் தொட்டி. தை, மாசியில் காற்று கொஞ்சம் காய ஆரம்பித்ததும் மறுபடி ஊற்றத் தொடங்கினோம். ஆண்டு முழுக்க ஓடும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

மிச்சமாகும் இடம் நான் நினைத்தது இல்லை. மிஞ்சியதை மறுநாள் முழு விலைக்கு விற்பதுதான் லாபம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் மறுநாள் காலையில் புதுக்கட்டு வரும்போது முந்தின நாள் கட்டை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? அக்கா வேறு வழி பிடித்தார். பெட்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, விடிகாலையில் இறக்கும் கட்டைக் குறைத்துக்கொள்ள ஆரம்பித்தார். முன்பெல்லாம் வாடிப்போவதற்கும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கூடுதல் வேண்டியதில்லை. கீரைக்காரரிடம் "இன்னிக்குக் கம்மியாப் போடுங்க மாமா" என்று சொல்லும்போது அவர் முகம் வாடுகிறது, உண்மை. அவர் மீதியை வேறு கடைக்குப் போடுகிறார்.

பாதி விலைக் கீரையை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்களே என்ற கேள்வி எனக்கு இருந்தது. மாலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார்கள். இருப்பைக் காலி செய்ய வேண்டிய அவசரம் இல்லை என்றால் அந்த விலையும் இல்லாமல் போகுமே. அக்கா அதை நிறுத்தவில்லை. ஆறு மணிக்கு மேல் பழைய கட்டுக்கு அதே பாதி விலைதான். முன்பு தொங்கிப்போன கீரை அவர்களுக்குக் கிடைத்தது, இப்போது அதே காசுக்கு நிமிர்ந்து நிற்கும் கீரை கிடைக்கிறது.

செலவு பெரும்பாலும் செங்கல்தான். கல் ஒன்று பத்து ரூபாயை ஒட்டி விற்கிறது, பழைய கல் கிடைத்தால் பாதி மிச்சம். மூங்கில், வேர், வலை, குழாய் எல்லாம் சில்லறைச் செலவு. வாடகை இடமாக இருந்தால் கலவை போடாமல் கட்டியதில் இன்னொரு வசதி உண்டு, காலி செய்யும்போது கல்லைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

இடமே இல்லாத தள்ளுவண்டிக்காரர்களுக்கு இரட்டைப் பானை போதும். நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா 1990களில் தன் ஊர் விவசாயிகளுக்காகப் பரப்பியது இது, 2000இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. பெரிய மண்பானைக்குள் சின்னது, நடுவில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. மெருகோ பெயிண்டோ பூசாத பானையாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சை அளவுக்கு நன்றாகத் தாங்கும். வண்டி ஆடும்போது மணல் ஒரு பக்கமாக இறங்கி உள்பானை சாய்வதுதான் தொல்லை. அடியில் சும்மாடு போலச் சாக்கைச் சுருட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மழைக்கு முன்னால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.